இன்ஜின் ஓவர்ஹீட்: ஹெட் வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வைப்பதா? (வேலூர்)

சத்துவாச்சாரி1248:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், வீட்டில் நாலாவது விதமாகச் சொல்கிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

வண்டி 2011 மாடல். மாருதி, டாடா வண்டிகளில் வந்த அந்த 1248 சி.சி. டீசல் இன்ஜின்தான், பெயர் சொல்லத் தேவையில்லை, கிரீன் சர்க்கிளில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டால் அந்த இன்ஜின் போட்ட ஒரு டாக்ஸி மேல்தான் விழும். 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நான் மூன்றாவது ஓனர். போன ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலை போய்விட்டு மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐந்து பேர், ஏ.சி. முழுசாக ஓடுகிறது, நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். கண்ணமங்கலம் தாண்டும்போது ஏ.சி.யில் குளிர்ச்சி இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. கேஸ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம் கழித்து மீட்டரைப் பார்த்தால் முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. ஓரங்கட்டலாம் என்றுதான் பார்த்தேன். மாமனார், "வீடு பக்கம்தானே மாப்பிள்ளை, மெதுவாப் போயிடலாம், இந்த வெயில்ல குழந்தைய வச்சுக்கிட்டு எங்க நிக்கிறது" என்றார். சரி என்று ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, நாற்பதில் ஓட்டினேன். கணியம்பாடி வருவதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது! எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுக்கம்பாறை தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை, மிதித்தால் டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம், பாகாயம் வருவதற்கு முன்னாடி பானட்டிலிருந்து ஆவி, அப்புறம் வண்டி தானாகவே நின்றுவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். பாதிக் குடம் திரும்ப என் மேலேயே வந்தது, கை கொஞ்சம் வெந்துவிட்டது, அது வேறு கதை.

இப்போது நிலவரம் இது. வண்டியை இழுத்துப் போட்ட பட்டறையில் ஆயில் ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை, "இன்ஜின் போச்சு சார், புதுப்பேட்டையிலிருந்து செகண்ட் ஹேண்ட் இறக்கிடலாம், 65,000, ஏத்தி இறக்க 12,000" என்றார்கள் (சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற இடம்). கம்பெனி சர்வீஸில் ஹெட் (இன்ஜினின் மேல் பகுதி), ஆஃப் இன்ஜின் (பிளாக், பிஸ்டன் எல்லாம் சேர்ந்த கீழ்ப் பகுதி) எல்லாம் சேர்த்து 1,70,000 எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள், வண்டியே இன்றைக்கு நல்ல நிலையில் 1,80,000 போனால் பெரிய விஷயம். காட்பாடியில் ஒரு மெக்கானிக் மட்டும், "ஹெட்டை இறக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன், இறக்க 4,500, உள்ள பார்த்துட்டுப் பேசலாம்" என்கிறார். வீட்டில் என்னவென்றால் இதை விற்றுவிட்டு லோனில் புது வண்டி எடு என்கிறார்கள். எது சரி?

ஆற்காடு மக்கன்பேடா:

வித்துடுங்க பாஸ். 15 வருஷம் நெருங்கப் போகிறது, ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி., வரி என்று அடுத்த செலவு காத்துக்கொண்டு இருக்கிறது. செத்த பாம்பை எத்தனை தடவை அடிப்பது.

பழைய ஸ்பேனர்:

வாலாஜாவில் இருக்கிறேன் தம்பி, இருபது வருஷத்துக்கு மேல் டீசல் வண்டிதான் பிரித்துப் பூட்டினேன், இப்போது முட்டி வலி, உட்கார்ந்துகொண்டு பேச மட்டும்தான் முடியும். மக்கன்பேடா சொல்வதைக் கடைசியில் பார்ப்போம். ஓடாத வண்டியை விற்கப் போனால் இரும்புக் கடை விலைதான் கேட்பார்கள், அந்த 1,80,000 கணக்கு ஓடுகிற வண்டிக்குத்தான்.

உங்கள் கதையில் எனக்குப் பயம் கொடுத்தது முள் ஏறிய இடம் அல்ல, கணியம்பாடியில் அது இறங்கிய இடம். அந்த சென்சார் தண்ணீருக்குள் முங்கி இருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வடிந்துவிட்டால் அது ஆவியிலும் காற்றிலும் சும்மா தொங்கும், முள் கீழே வரும், ஓட்டுகிறவனுக்கு ஆறிவிட்டது என்று தோன்றும். அதாவது கணியம்பாடியிலேயே உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது. அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், வெறும் சட்டியை அடுப்பில் வைத்த மாதிரி ஓட்டியிருக்கிறீர்கள். அப்புறம் ஏ.சி. நின்றதும் கேஸ் தீர்ந்து அல்ல. சூடு எல்லை தாண்டினால் இன்ஜின் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரை வெட்டிவிடும். முள்ளைப் பார்ப்பதற்கு முன்னாடியே வண்டி உங்களிடம் சொல்லியிருக்கிறது.

அதற்காக இன்ஜின் போச்சு என்று அர்த்தம் இல்லை. இந்த இன்ஜினில் பிளாக், அதாவது சிலிண்டர் இருக்கிற கீழ்ப் பகுதி, வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பத்து போல்ட்டு இறுக்கிப் பிடித்திருக்கும்போது அது எங்கே போகும், நடுவில் வில் மாதிரி வளையும், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைத்து வைக்கிற கேஸ்கட் தகடு எரியும். அதனால் முதலில் அடி வாங்குவது ஹெட்டும் கேஸ்கட்டும். அப்புறம்தான் பிஸ்டன், ரிங்கு, போர் (சிலிண்டரின் உள்சுவர்), பேரிங்கு. எது வரைக்கும் போயிருக்கிறது என்று வெளியே நின்று எவனாலும் சொல்ல முடியாது, நான் உட்பட.

கேட்கிறேன், சொல்லுங்கள். ஆறிய பிறகு வண்டி சுற்றுகிறதா, அல்லது கல்லு மாதிரி நிற்கிறதா? ஆயில் ஸ்டிக்கில் என்ன நிறம், பால் கலந்த காபி மாதிரி இருக்கிறதா? தண்ணீர் ஊற்றும்போது இன்ஜின் எவ்வளவு நேரம் ஆறியிருந்தது? கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி1248:

அண்ணா, உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிஷம்கூட ஆறவில்லை. நின்ற உடனே ஊற்றிவிட்டேன்.

மறுநாள் சாவி போட்டால் சுற்றுகிறது, ஸ்டார்ட்டும் ஆனது, ஆனால் ஒரு பக்கம் நொண்டுகிற மாதிரி ஓடியது, சைலன்சரில் வெள்ளைப் புகை. அரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். கூலன்ட் டேங்கில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி முட்டை முட்டையாக வந்தது, ஆனால் தொட்டால் சூடு இல்லை. ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது, காபி நிறம் இல்லை.

பழைய ஸ்பேனர்:

சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகிறது என்றால் பாதி உயிர் இருக்கிறது. ஆறிய தண்ணீரில் முட்டை வருவது சிலிண்டர் காற்று தண்ணீர் வழிக்குள் போவதால், கேஸ்கட் போனது உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, பேரிங்குக்கு அது நல்லது. சூட்டில் வெந்த ஆயில் என்பதால் எப்படியும் அதை மாற்றியாக வேண்டும்.

ஐந்து நிமிஷத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதுதான் என் கவலை. பழுக்கக் காய்ந்த அலுமினியத்தில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் வால்வு சீட்டுக்கு நடுவில் முடி மாதிரிக் கீறல் விடும். கண்ணுக்குத் தெரியாது. ஹெட்டை இறக்கினால் லேத்துக்குக் கொடுத்து பிரஷர் டெஸ்ட் செய்யாமல் திரும்பப் பூட்ட விடாதீர்கள், ஃபேஸ் மட்டும் அடித்து, அதாவது அடி முகத்தைச் சீவிச் சமமாக்கி, கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காட்பாடிக்காரர் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. இறக்குவதற்கு முன்னாடி அவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள், ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வருகிற அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். டீசலுக்கு 350, 400 பி.எஸ்.ஐ. என்கிற கணக்கில் வர வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் மட்டும் குறைவாக வந்தால் அவை இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படலாம். நாலும் குறைவாக இருந்தால் அப்போது வேறு இன்ஜின் பேச்சைப் பேசலாம்.

குடியாத்தம்காரன்:

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் பக்கம் போகிறவர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்னாடி இதே இன்ஜினுக்கு 58,000 கொடுத்தேன், ஒரு புரோக்கர் மூலமாக. தார்ப்பாயில் சுற்றி மினி லாரியில் வந்தது, மேலே டீசல் போட்டுத் துடைத்துப் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. 80,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றார்கள். யார் பார்த்தது? இன்ஜினுக்கு என்ன மீட்டரா இருக்கிறது. வைத்து இரண்டாவது மாதம் ஆயில் குடிக்க ஆரம்பித்தது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். வாரண்டி என்று வாயால் சொன்னவர் போன் எடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி காகிதம். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது அல்லவா. இன்ஜின் மாற்றினால் அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, முன் அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரியப்படுத்த வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று பில் வேண்டும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டு. திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் மாட்டுவது யார்? நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பதே நம்பர்தான். அதனால் புதுப்பேட்டையோ வேறு எங்கோ, ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுக் காட்டினால், பில்லில் இன்ஜின் நம்பர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள், என் மச்சான் வண்டியில் நாலு வருஷமாக ஓடுகிறது. லாட்டரி மாதிரிதான்.

சத்துவாச்சாரி1248:

இன்சூரன்ஸ் என்றதும் ஞாபகம் வந்தது, என்னிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. கிளெய்ம் செய்ய முடியுமா?

குடியாத்தம்காரன்:

முடியாது. தானாகப் பழுதானது பாலிசியில் வராது, மோதி ரேடியேட்டர் உடைந்திருந்தால் அது வேறு, அதிலும் தெரிந்தே மேற்கொண்டு ஓட்டியதால் வந்த சேதம் என்று இன்ஜினைக் கழித்துவிடுவார்கள். ரோட் சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் டோ வண்டிக் காசாவது மிச்சம் ஆகியிருக்கும்.

பாலாற்று மணல்:

எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீர் ஏன் தீர்ந்தது என்று யாருமே கேட்கவில்லையே. நான் இதில் இரண்டு முறை அடிபட்டவன். முதல் தடவை ஹெட் கேஸ்கட் போனது, ஃபேஸ் அடித்து, புது கேஸ்கட் போட்டு, 24,000 ஆனது. நாலே மாதத்தில் ஆம்பூர் பக்கம் திரும்ப ஆவி. அப்போதுதான் ஒருவர் ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் காட்டினார், மேலே ஊற்றினால் கீழே மூத்திரம் போகிற மாதிரி ஒரு கோடு வருகிறது. பாதிக் குழாய் உப்பு அடைத்து மூடியிருந்தது. வீட்டு போர் தண்ணீரைத்தான் வருஷக் கணக்காக ஊற்றிக்கொண்டு இருந்தேன். நம்ம பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று பக்கெட்டின் அடியைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு இன்ஜின் உள்ளேயும்.

கூலன்ட் என்பது பச்சைக் கலர் தண்ணீர் இல்லை, துரு பிடிக்காமலும் உப்பு படியாமலும் பார்த்துக்கொள்ளும், கொதிநிலையையும் கொஞ்சம் ஏற்றும். ரேடியேட்டர் மூடியையும் லேசாக நினைக்காதீர்கள். அந்த ஸ்பிரிங் அழுத்தம் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 பக்கம் வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்த 20 டிகிரி போயிற்று. இருநூறு, முந்நூறு ரூபாய் சாமான்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற வால்வு. யாராவது "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, பிடுங்கிப் போட்டுடலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் வண்டியில் யாரோ ஏற்கனவே பிடுங்கியிருந்தார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசல் குடித்துக்கொண்டு இருந்தது.

ஆற்காடு மக்கன்பேடா:

இவ்வளவு வேலைக்கு வித்துடறதே மேல் என்று இன்னும் சொல்கிறேன். இந்த இன்ஜினை மாருதியே 2020 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது, நாளைக்கு சாமான் கிடைக்குமா?

பழைய ஸ்பேனர்:

கிடைக்கும் தம்பி. ஃபியட் வடிவமைத்த இன்ஜின் அது, மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனி வண்டியிலும் லட்சக்கணக்கில் ஓடுகிறது. இவை எல்லாம் ரோட்டில் இருக்கிற வரைக்கும் கேஸ்கட் விற்கிறவன் கடையை மூட மாட்டான். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, வண்டியின் பாடி எப்படி? அடித்தட்டு துருப்பிடித்து, சஸ்பென்ஷன் ஆடி, கியர் பாக்ஸ் சத்தம் போடுகிற வண்டி என்றால் நானும் விற்கத்தான் சொல்வேன்.

சத்துவாச்சாரி1248:

பாடி நன்றாக இருக்கிறது அண்ணா, போன வருஷம்தான் கிளட்ச், முன்பக்க ஷாக் எல்லாம் மாற்றினேன், நாலு டயரும் புதுசு. அதனால்தான் மனசு வரவில்லை.

காட்பாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன். நாளைக்குக் கம்ப்ரஷன் பார்க்கிறார்.

சத்துவாச்சாரி1248:

பதினாறு நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

கம்ப்ரஷன் முதல் சிலிண்டர் 380, நாலாவது 370. நடுவில் இரண்டாவது 140, மூன்றாவது 150. ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரியே. ஹெட்டை இறக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். கேஸ்கட்டில் இரண்டாவது, மூன்றாவது வட்டத்துக்கு நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு எரிந்து கரியாகப் போயிருந்தது, அவ்வளவுதான். அவ்வளவு சின்ன இடம். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குறுக்கே இரும்பு ஸ்கேலை நிறுத்தி, மெக்கானிக் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். ஓரத்தில் 0.05 தகடு நுழையவில்லை. நடுவில் 0.15 வழுக்கிக்கொண்டு போனது. பெரும்பாலான கார் ஹெட்டுக்கு 0.05, மிஞ்சிப் போனால் 0.1 மில்லிமீட்டர்தான் எல்லை என்றார்.

பிளாக்கின் முகத்திலும் அதே மாதிரி பார்த்தார், நேராக இருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார், நாலு போரிலும் புதுசில் போட்ட அந்தக் குறுக்கு நெடுக்கு ஹோனிங் கோடு தேயாமல் இன்னும் தெரிகிறது, மூன்றாவதில் மட்டும் லேசாக ஒரு தேய்ப்பு, நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. கீழே எதையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஹெட்டைச் சுடுதண்ணீரில் இறக்கிக் காற்று விட்டுப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டர் வால்வு சீட்டு நடுவிலிருந்து கொசு முட்டை மாதிரி வரிசையாகக் குமிழ் வந்தது. நான் ஊற்றிய அந்தக் குடம் தண்ணீர். லேத்துக்காரர், "வெல்டிங் வச்சுத் தர்றேன், கேரண்டி கேக்காதீங்க" என்றார். ஃபேஸ் அடிப்பதிலும் அவர் தயங்கினார், டீசலில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளியே கம்மி, அதிகம் சீவினால் முட்டும் என்று. கடைசியில் டெஸ்ட் செய்த செகண்ட் ஹேண்ட் ஹெட் ஒன்று 18,000-க்குக் கிடைத்தது, அதை நம் கண் முன்னாலேயே திரும்ப பிரஷர் போட்டுப் பார்த்தோம். ஹெட்டில் இன்ஜின் நம்பர் இல்லை, பிளாக்கில்தான், அதனால் ஆர்.டி.ஓ. வேலையும் இல்லை.

மொத்தக் கணக்கு: ஹெட் 18,000, இறக்கி ஏற்றிய கூலி 12,000, லேத் வேலை 5,500, கேஸ்கட் செட்டும் புது ஹெட் போல்ட்டும் 7,000 (பழைய போல்ட் நீண்டிருக்கும், திரும்பப் போடக் கூடாதாம்), புது ரேடியேட்டர் 6,500, ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட் 4,800, ஆயிலும் ஃபில்டரும் 3,200. ஆக 57,000. இன்ஜின் மாற்றுவதைவிட 20,000 குறைவு, ரொம்பப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், அதிலும் ரேடியேட்டரும் ஹோஸும் எப்படியும் மாற்றியிருக்க வேண்டியதுதான். ஆனால் கீழே இருக்கிற பிளாக் என் பிளாக், அது எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் போன வழி: ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் கிளாம்ப் ஓரமாக ஒரு வெடிப்பு, விரலால் மடக்கினால்தான் வாய் திறக்கிறது. ரேடியேட்டரும் பாலாற்று மணல் சொன்ன அதே கதிதான், உள்ளே சுண்ணாம்பு.

பழைய ஸ்பேனர்:

நல்ல வேலை. இப்போது ஒரு மாதம், காலையில் முதல் தடவை எடுப்பதற்கு முன்னாடி, ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவைப் பாருங்கள். முதல் வாரம் காற்று வெளியேறி கொஞ்சம் இறங்கும், அதற்குப் பிறகும் இறங்கினால் உடனே காட்பாடிக்குப் போங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்க வேண்டாம், கை ஒரு தடவை வெந்தது போதும்.

பாலாற்று மணல்:

இனிமேல் போர் தண்ணீர் இல்லைதானே?

சத்துவாச்சாரி1248:

இல்லவே இல்லை, கலந்தே வருகிற கூலன்ட் கேன் ஒன்று டிக்கியில் கிடக்கிறது. நேற்று போளூர் வரை போய் வந்தோம், ஏ.சி. போட்டு, அதே ஐந்து பேர். முள் பாதியைத் தாண்டவில்லை. மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ரோட்டைப் பார்க்கவே இல்லை, கண்ணமங்கலம் வந்ததும், "மாப்பிள்ளை, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம், வண்டி கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.